உங்களுக்குத் தெரியுமா? குளிரைவிடக் கொடியது ஈரம்

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலம், வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகள், நார்வேயின் வடகோடி. பிரிட்டன் படைவீரர்கள் கடுமையான பயிற்சி பெறும் இடங்கள் இவை. ஓயாத தூறல், முழங்கால் வரை இழுக்கும் சதுப்பு, எலும்பைத் துளைக்கும் காற்று. பிழைப்புப் பயிற்சி என்றால் கையில் இருக்கும் சாமானும் மிகக் குறைவு. அதற்குத் தயாராகும் வீரருக்குச் சொல்லித்தரும் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ இழந்த விரல்களும் உயிர்களும் இருக்கின்றன. மலையேறும் யாருக்கும் உதவக்கூடிய அந்த விதிகளில் சில இங்கே.

எதிரி யார்?

★ உறைபனி இல்லாமலேயே குளிர் ஆளைக் கொல்லும். நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஹைப்போதெர்மியா தொடங்கிவிடும். நடுவில் இருப்பது வெறும் 2 டிகிரி. நனைந்த உடையோடு காற்றில் நிற்பவர், சுற்றிலும் 10 டிகிரி வெப்பம் இருந்தால்கூட, அந்த 2 டிகிரியைச் சில மணி நேரத்தில் இழந்துவிடலாம்.

★ காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடலின் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். உலர்ந்த பனி பொழியும் இடத்தைவிட, 5 டிகிரியில் மழை பெய்யும் இடத்தைப் பயிற்சியாளர்கள் அதிகமாக அஞ்சுவது இதனால்தான். பனியை உதறிவிடலாம், மழை உள்ளே இறங்கிவிடும்.

★ வெயிலுக்குப் பெயர்போன ஃபுளோரிடாவில் குளிரால் வீரர்கள் இறந்திருக்கிறார்கள் தெரியுமா? 1995 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சி அங்கே சதுப்புக்காட்டில் நடந்தது. வெள்ளத்தால் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தது. பல மணி நேரம் அதில் நின்றும் நடந்தும் போன மாணவர்களில் 4 பேர் ஹைப்போதெர்மியாவால் இறந்தார்கள். அங்கே பனியும் இல்லை, உறைகுளிரும் இல்லை. களைப்பு, பசி, தூக்கமின்மை ஆகிய மூன்றோடு ஈரமும் சேர்ந்துகொண்டது.

★ 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் நடந்த நெடுநடைப் போட்டி ஒன்று மழையிலும் காற்றிலும் சிக்கி 3 இளைஞர்களின் உயிரைப் பறித்தது. 1953 எவரெஸ்ட் குழுவில் இருந்த உடலியல் விஞ்ஞானி கிரிஃபித் பியூ அந்த மரணங்களை ஆராய்ந்தார். துணி நனைந்து, அதன் மேல் காற்றும் அடித்தால், உடை தரும் கதகதப்பில் பெரும்பகுதி காணாமல் போகிறது என்று சோதனையில் காட்டினார். நடந்துகொண்டே இருந்தால் உடம்பு சூடாகத்தானே இருக்கும் என்ற நம்பிக்கையும் அதோடு உடைந்தது. களைத்துப்போனவரால் போதிய சூட்டை உண்டாக்க முடியாது.

★ முதல் உலகப்போரின் கலிப்போலி முனையில் 1915 நவம்பர் கடைசியில் ஒரு புயல் வீசியது. முதலில் கொட்டிய மழை பதுங்குகுழிகளை நிரப்பியது. அடுத்து வந்த பனிக்காற்று நனைந்த உடைகளை வீரர்களின் உடம்பிலேயே உறைய வைத்தது. பிரிட்டன் படையில் 200 பேருக்கு மேல் மூழ்கியோ விறைத்தோ இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கைகால் பாதிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார்கள். முதலில் மழை, பிறகு உறைபனி என்ற இந்த வரிசைதான் இருப்பதிலேயே மோசமானது.

★ காற்றடித்தால் குளிர் கூடுதலாக உறைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை முதலில் அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பேசல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். அந்தக் கணக்கு 2001இல் திருத்தப்பட்டு இன்றும் வானிலை அறிவிப்புகளில் இருக்கிறது.

★ உடலின் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970ஆம் ஆண்டின் அமெரிக்க ராணுவக் கையேடு ஒன்று 40 முதல் 45 சதவீதம் என்று எழுதிவைத்ததுதான் இந்த நம்பிக்கையைப் பரப்பியது. உண்மையில் தலை வழியே போவது, உடலின் மேற்பரப்பில் தலைக்கு உள்ள பங்குக்கு ஏற்ப, சுமார் 10 சதவீதம்தான். ஆனாலும் குல்லாவைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும்போது திறந்து கிடப்பது தலைதான். உள்ளங்கை அளவு இடத்தில் அடங்கி, இவ்வளவு பயன் தரும் சாமான் வேறில்லை.

பாதம் போனால் படை போயிற்று

★ சதுப்பில் நாள்கணக்கில் ஊறிய பாதம் முதலில் மரத்துப்போகும். பிறகு வெளுத்து, வீங்கி, தொட்டாலே உயிர்போகும் வலி எடுக்கும். இதுதான் ட்ரெஞ்ச் ஃபுட். இதற்கு உறைநிலை தேவையில்லை. 10 டிகிரிக்கு மேலும் வரும். முதல் உலகப்போரில் பிரிட்டன் தரப்பில் மட்டும் சுமார் 75,000 பேர் இதற்கு ஆளானார்கள்.

★ அப்போது கண்ட மருந்து மிக எளியது. காலுறையை மாற்று, பாதத்தைத் துடை, திமிங்கல எண்ணெய் தேய். வீரர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் காலை மற்றவர் பார்க்க வேண்டும். அது நடக்கிறதா என்று அதிகாரி நேரில் பார்க்க வேண்டும். யாருக்காவது பாதம் கெட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அதிகாரிதான். எண்ணெயைவிட இந்தப் பொறுப்புணர்வே நோயைக் குறைத்தது என்று சொல்லலாம்.

★ 1943 மே மாதம் அலாஸ்காவின் ஆட்டு தீவில் ஜப்பானியருடன் மோத இறங்கிய அமெரிக்கப் படை, கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் பயிற்சி பெற்ற படை. தோல் பூட்ஸோடு ஈரச் சதுப்பில் இறங்கினார்கள். சண்டையில் இறந்தவர்கள் 549 பேர்; காயம்பட்டவர்கள் 1,148 பேர். குளிரும் ஈரமும் வீழ்த்தியவர்கள் சுமார் 1,200 பேர்.

★ 1982இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து போரில் அட்லாண்டிக் கன்வேயர் என்ற பிரிட்டன் சரக்குக் கப்பலை இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகள் தாக்கின. வீரர்களைச் சுமக்க வேண்டிய 3 சினூக் ஹெலிகாப்டர்களும் ஏராளமான கூடாரங்களும் அதோடு போயின. பிரிட்டன் கடற்படையின் தரைப்போர்ப் பிரிவான ராயல் மரீன்ஸ் படையினர் முதுகில் மூட்டையோடு ஈரச் சதுப்புநிலத்தில் சுமார் 90 கி.மீ. நடந்தே தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியை நெருங்கினார்கள். தண்ணீர் புகும் பூட்ஸ் அவர்களில் பலரின் பாதத்தைப் பதம்பார்த்தது. குறைந்த சாமானோடு பிழைக்கும் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கப்பலே பதில். கூடாரம் எப்போது வேண்டுமானாலும் இல்லாமல் போகலாம்.

★ குளிரில் கைகால் கெடும் ஆபத்து எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. ஆப்பிரிக்க வம்சாவளி வீரர்களுக்கு இது கூடுதல் என்று பிரிட்டன் ராணுவத்தில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குளிர்ந்தபின் அவர்களின் விரல்களில் ரத்தவோட்டம் திரும்ப அதிக நேரமாகிறது. ஆகவே "அவன் தாங்குகிறான், நீ ஏன் தாங்கவில்லை?" என்று எந்தப் பயிற்சியாளரும் கேட்கக் கூடாது. மரத்துப்போகிறது என்று ஒருவர் சொன்னால் அதை நம்ப வேண்டும்.

★ ஈரக் காலுறையை உலர்த்தத் தீ வேண்டாம். நன்றாகப் பிழிந்து, சட்டைக்குள்ளே மார்போடு ஒட்டிவைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டிலேயே மெல்ல உலரும். ஒரு ஜோடி காலில், ஒரு ஜோடி மார்பில், ஒரு ஜோடி தண்ணீர் புகாத பையில் என்பது பழைய வீரர்களின் கணக்கு. பையில் இருப்பதை உறங்கும்போது மட்டும்தான் போட வேண்டும்.

உடுப்பில் இருக்கிறது சூட்சுமம்

★ ராயல் மரீன்ஸ் பயிற்சியில் தொடக்கத்திலேயே மனதில் பதியவைக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. பகல் வேலைக்கு நனைந்த உடை. இரவு உறக்கத்துக்கு உலர்ந்த உடை. விடிந்ததும் கதகதப்பான உலர்ந்த உடையைக் கழற்றிப் பத்திரமாகப் பையில் கட்டிவிட்டு, நேற்றைய சில்லிட்ட ஈர உடையை மறுபடி மாட்ட வேண்டும். இதைச் செய்ய மனம் வராது. ஆனால் உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டால் அன்றிரவு உடுத்த எதுவும் மிஞ்சாது. ஈர உடை, நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் உடம்புச் சூட்டில் பொறுக்கும்படி ஆகிவிடும்.

★ நனையாமல் இருக்க மழையை மட்டும் தடுத்தால் போதாது. வியர்வையையும் தடுக்க வேண்டும். மேட்டில் ஏறத் தொடங்கும்முன் ஒரு சட்டையைக் கழற்றிவிடுங்கள். புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். நின்றதும், குளிர் தெரியும்முன்பே, கழற்றியதை மாட்டிவிட வேண்டும். கனமான ஓர் உடுப்பைவிட மெல்லியவை மூன்று மேல்.

★ பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் ஈரமலைக்கு ஆகாதவை. தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் உலராது. கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பைத் தக்கவைக்கும். வாத்து இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் உலர்ந்திருக்கும்வரை அற்புதம். நனைந்ததும் ஈரத் தலையணைப் பஞ்சு போல ஓரமாகத் திரண்டுவிடும். ஈரப் பயிற்சிக்குச் செயற்கை இழை அடைத்ததே நம்பகமானது.

★ ஆனால் பருத்தியிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பனிக்கடலில் விழுந்த விமானிகள் குளிரில் விரைவில் இறந்தார்கள். அவர்களுக்காக மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வுக்கூடம் நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து வென்டைல் என்ற துணியை உருவாக்கியது. தண்ணீர் பட்டதும் இழைகள் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கடலில் மீட்புப்படகு வரும்வரை தாக்குப்பிடிக்கும் நேரத்தை அந்தத் துணி விமானிகளுக்குக் கூட்டித் தந்தது.

★ ஓட்டை நிறைந்த பனியன் சூடு தருமா? தரும். 1933இல் நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் பழைய மீன்வலையை வெட்டிப் பனியன் தைத்துப் பார்த்தார். வலையின் கண்கள் காற்றைப் பிடித்துவைத்தன. வியர்வை தோலில் தங்காமல் மேலேறிப் போனது. நார்வே படைகள் அதை ஏற்றுக்கொண்டன. 1953இல் எவரெஸ்ட் ஏறியவர்களும் வலைப் பனியன் அணிந்திருந்தார்கள்.

★ 1914 இலையுதிர் காலத்தில் பிரான்ஸ் போர்முனைக்குப் போன இந்திய வீரர்கள் பலர் வெப்பநாட்டுக்கான மெல்லிய பருத்திச் சீருடையோடு இறங்கினார்கள். கம்பளி உடைகள் கைக்கு வரும்முன்னே குளிர்மழை வந்துவிட்டது. சரியான உடுப்பு சரியான நாளில் வந்துசேர்வதும் வீரரின் உயிர்காக்கும் வேலைதான். அது பின்னால் இருந்து ஏற்பாடு செய்பவர்களின் கடமை.

சட்டைப்பைக்குள் ஓர் உலகம்

★ பிரிட்டன் வீரர் தம் சாமானை மூன்று வரிசையாகப் பிரிப்பார். உடலோடு இருப்பது முதல் வரிசை; இடுப்புப் பட்டையில் இருப்பது இரண்டாவது; முதுகுப்பையில் இருப்பது மூன்றாவது. ஆற்றில் விழுந்தாலோ ஓட நேர்ந்தாலோ முதுகுப்பை போய்விடும். ஆகவே உயிர்காக்கும் பொருள்கள் எப்போதும் சட்டை, கால்சட்டைப் பைகளிலேயே இருக்க வேண்டும். பொத்தான் போட்டு மூடிய பையில்.

★ பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸில் 26 ஆண்டுகள் இருந்த ஜான் 'லாஃப்டி' வைஸ்மன் 1986இல் எழுதிய பிழைப்புக் கையேடு உலகப் புகழ்பெற்றது. புகையிலை டப்பா அளவுள்ள ஒரு தகரப் பெட்டியில் அவர் அடுக்கச் சொல்பவை: தீக்குச்சி, மெழுகுவத்தி, தீக்கல், பூதக்கண்ணாடி, ஊசி நூல், தூண்டில் முள்ளும் நரம்பும், சிறு திசைகாட்டி, கண்ணிக் கம்பி, சுருட்டிவைக்கும் ரம்பம், சில மருந்துகள். மூடியின் உட்புறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் ஒளி காட்டி உதவி கேட்கவும் அதுவே கண்ணாடியாகும்.

★ அந்தப் பெட்டியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் உண்டு. ஓரிரு படிகங்கள் தண்ணீரைச் சுத்திகரிக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கரைத்தால் புண் கழுவலாம். சர்க்கரையோடு சேர்த்து அழுத்தித் தேய்த்தால் தீப்பற்றும். ஒரே பொருளுக்கு மூன்று வேலை. குறைந்த சாமானின் இலக்கணமே இதுதான்: ஒரு வேலை மட்டும் செய்யும் பொருளுக்கு இடமில்லை.

★ ஆணுறையும் அதே பெட்டியில் இருக்கிறது. விரித்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வலு சேர்க்க ஒரு காலுறைக்குள் வைத்து நிரப்ப வேண்டும். தீக்குச்சிகளை ஈரம் படாமல் வைக்கவும் அது ஆகும்.

★ பெரிய குப்பைப் பை இரண்டு, சில ரூபாய்தான். ஒன்றை முதுகுப்பைக்குள் உறையாகப் போட்டு, வாயை முறுக்கிக் கட்டினால் ஆற்றைக் கடந்தாலும் உள்ளே இருப்பது நனையாது. அந்தப் பை மிதக்கவும் செய்யும். இன்னொன்று அவசரத்துக்கு மழைச்சட்டை. முழுக்க இலைதழையை அடைத்தால் மெத்தை.

★ பாராசூட் கயிற்றின் உறைக்குள் பொதுவாக 7 சிறு நூல்கள் இருக்கும். முழுக்கயிறாகக் கூடாரம் கட்டலாம். பிரித்தெடுத்தால் தைக்கவும் தூண்டில் போடவும் ஆகும். பூட்ஸின் கயிறாகவே அதைக் கோத்துக்கொள்கிற வீரர்கள் உண்டு.

★ மரத்துப்போன விரலிலிருந்து நழுவும் பொருள் சேற்றில் காணாமல் போகும். கத்தி, திசைகாட்டி, டார்ச் எதுவானாலும் ஒரு துண்டுக் கயிற்றால் உடையோடு கட்டிவைப்பது படைவீரரின் வழக்கம். ஊதுகுழலையும் அப்படியே கட்டுங்கள். ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது பிரிட்டன் மலைகளில் அபாய அறிவிப்பு. பதிலாக 3 முறை கேட்டால் உதவி வருகிறது என்று பொருள்.

கூரையும் தீயும்

★ பிழைப்புப் பயிற்சியில் மனப்பாடமாகச் சொல்லித்தரும் மூன்றுகளின் கணக்கு: காற்றில்லாமல் 3 நிமிடம், கடும் வானிலையில் ஒதுங்க இடமில்லாமல் 3 மணி நேரம், தண்ணீர் இல்லாமல் 3 நாள், சோறில்லாமல் 3 வாரம். தோராயக் கணக்குதான், ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று குழம்பும் மூளைக்கு வழிகாட்டும். மழை கொட்டும்போது முயலுக்குக் கண்ணி வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

★ தலைக்கு மேல் கூரை இருந்தும் ராத்திரி முழுக்க நடுங்குபவர்கள் கவனிக்காமல் விட்டது தரையை. ஈரமண் உடலின் சூட்டை விடாமல் உறிஞ்சும். தார்ப்பாயை இழுத்துக் கட்டும் நேரத்தைவிடப் படுக்கையைத் தடிப்பாக்கும் நேரம் அதிகமாக இருக்கட்டும். காய்ந்த பெரணி, புல், ஊசியிலைக் கிளை எதுவானாலும் சரி. படுத்து அழுத்திய பிறகும் ஒரு சாண் கனம் இருக்க வேண்டும்.

★ ஒதுங்கும் இடம் சிறியதாக இருப்பதே நல்லது. உடம்பு ஒன்றே அடுப்பு. பெரிய இடத்தைச் சூடாக்க அதனால் முடியாது. மலையுச்சியில் காற்று, பள்ளத்தின் அடியில் குளிர்காற்று இறங்கித் தேங்கும், மழைநீரும் அங்கேதான் வரும். நடுச்சரிவில், காற்றுக்கு முதுகு காட்டும் பக்கமே சரியான இடம்.

★ வாசலின் தடவிய பஞ்சு உருண்டை பல நிமிடம் நின்று எரியும். பஞ்சு திரி, வாசலின் எண்ணெய். ஒரு சிறு டப்பாவில் பத்து உருண்டைகள் அடங்கும். பூர்ஜ மரத்தின் பட்டையில் எண்ணெய்ப்பசை இருப்பதால் மழையில் நனைந்தும் பற்றிக்கொள்ளும். எதுவும் கிடைக்காவிட்டால் ஈரக் குச்சியைப் பிளந்து பாருங்கள், உள்ளே உலர்ந்திருக்கும். அதைச் சுருள் சுருளாகச் சீவி நுனியில் நெருப்பு வைக்க வேண்டும்.

★ திடீர் மழைக்கும் அஞ்சாத தீக்குச்சி செய்ய, தலைப்பகுதியை உருகிய மெழுகில் முக்கியெடுத்தால் போதும். உரசும்முன் நகத்தால் மெழுகைச் சுரண்டிவிடுங்கள். வெள்ளைக்கட்டியாக வரும் ஹெக்ஸமின் எரிபொருள் பல ஆண்டுகள் படைவீரர்களின் தேநீரைக் கொதிக்கவைத்தது. எந்த அடுப்பையும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

வயிறும் நாவும்

★ பிரிட்டன் ராணுவத்தின் ஒருநாள் உணவுப்பொதியில் சுமார் 4,000 கலோரி இருக்கும். குளிரில் மூட்டையோடு நடப்பவருக்கு அதுவும் சில நாள் போதாது. நடுக்கம் என்பது தசைகள் செய்யும் கடும் வேலை. உடல் ஓய்வில் உண்டாக்கும் சூட்டைப் போல 5 மடங்கு வரை நடுக்கத்தால் உண்டாக்க முடியும். அதற்கு எரிபொருள் சர்க்கரை. பயிற்சிக்கு முந்தைய நாள்களில் வயிறாரச் சாப்பிடுவதும் தயாரிப்புதான்.

★ குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடல் நீர் இழந்துகொண்டே இருக்கும். தோலருகில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே ஒதுங்கும்போது, நீர் மிஞ்சிவிட்டதாகச் சிறுநீரகம் கருதி வெளியேற்றிவிடும். குளிரில் அடிக்கடி சிறுநீர் வருவதன் காரணம் இதுதான். மலையோடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மேலே ஓர் ஆடு செத்துக் கிடப்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

★ ஒரு மடக்குச் சாராயம் உடம்பைச் சூடாக்கும் என்பது உயிரைக் குடித்த பொய்களில் ஒன்று. மது தோலின் ரத்தக்குழாய்களை விரிவாக்கும். தோல் சூடாவதாகத் தோன்றும். உள்வெப்பம் வெளியே வடிந்துகொண்டிருக்கும்.

உடலும் மனமும்

★ குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு ஒரு கணக்கு உண்டு: 1, 10, 1. கனடா விஞ்ஞானி கார்டன் கீஸ்பிரெக்ட் சொன்னது. மூச்சிரைப்பை அடக்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்வரைதான். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். பலர் மூழ்குவது முதல் நிமிடத்தின் பதற்றத்தில்தான். மூச்சு நிதானப்படும்வரை மிதந்தால் மட்டும் போதும்.

★ இதைப் பழக்கத்தான் ராயல் மரீன்ஸ் வீரர்கள் நார்வேயில் பனியேரியின் துளைக்குள் மூட்டையோடு குதிக்கிறார்கள். தண்ணீருக்குள் நின்றபடி பெயர், பதவி, எண் மூன்றையும் தெளிவாகச் சொன்ன பிறகே ஏறி வர அனுமதி. ஏறியதும் உலர்ந்த பனியில் புரள்வார்கள். பனி உடையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

★ குளிர்நீரின் முதல் அதிர்ச்சிக்கு உடலைப் பழக்கலாம். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டனும் சக ஆய்வாளர்களும் கண்டது: சில நிமிடம் வீதம் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கினாலே அந்த அதிர்ச்சி பாதியளவு குறைகிறது, பழக்கம் மாதக்கணக்கில் நிற்கிறது. ஆனால் ஹைப்போதெர்மியாவைத் தடுக்கும் பழக்கம் இப்படி எளிதில் வருவதில்லை. அதற்கு உலர்ந்த உடைதான் வழி.

★ நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென நடுக்கம் நின்று அமைதியானால் மகிழ வேண்டாம். உள்வெப்பம் சுமார் 32 டிகிரிக்குக் கீழே போகும்போது நடுக்கம் அடங்கத் தொடங்கும். அதற்கும் பின், புழுங்குவதாக உணர்ந்து சிலர் உடைகளையே களைந்துவிடுவார்கள். மூளை தடுமாறிவிட்டது என்பதன் அடையாளம் அது. அப்படிப்பட்டவரைத் தேய்க்கவோ, நடக்கவைக்கவோ, சட்டென வெந்நீரில் இறக்கவோ கூடாது. மெல்லப் படுக்கவைத்து, ஈரத்தை அகற்றி, போர்த்தி, உதவி வரவழைக்க வேண்டும்.

★ விறைத்தவரை இறந்தவர் என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. 1999இல் நார்வேயில் பனிச்சறுக்கில் விழுந்து, ஓடைப் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கியிருந்த பெண் மருத்துவரின் உள்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது. இதயம் நின்றுபோன அவரை ட்ரோம்சோ மருத்துவமனை மெல்லச் சூடேற்றி மீட்டது. பின்னாளில் அவர் மருத்துவப் பணிக்கே திரும்பினார்.

★ ஆபத்தில் பெரும்பாலானோர் அலறி ஓடுவதில்லை; செயலற்று நின்றுவிடுகிறார்கள். ராணுவத்தில் பிழைப்புப் பயிற்சி அளித்த உளவியலாளர் ஜான் லீச் இதை விரிவாக எழுதியிருக்கிறார். திகைப்பை உடைப்பது முன்பே பழகிய சிறு வேலை. கண்ணைக் கட்டிக்கொண்டு முடிச்சுப் போடுங்கள். ஐஸ் தண்ணீரில் கையை ஊறவைத்துவிட்டுத் தீக்குச்சி உரசிப் பாருங்கள். வீட்டில் முடியாதது மலையில் முடியாது.

ஒருவருக்கு ஒருவர்

★ 1959இல் வேல்ஸின் பகுதிநேரப் படைவீரர்கள் சிலர் வார இறுதிப் பயிற்சியாகத் தொடங்கிய கேம்ப்ரியன் ரோந்து இன்று பல நாட்டுப் படைகள் வந்து கலந்துகொள்ளும் பெரும் சோதனை. 8 பேர் கொண்ட குழு, முழுச் சாமானோடு, மழைமலையில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 60 கி.மீ. கடக்க வேண்டும். இடையிடையே ஆற்றைக் கடப்பது, அடிபட்டவருக்கு முதலுதவி என்று வேலைகள் வரும். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நிர்ணயித்த தரத்தை எட்டும் எல்லாக் குழுவுக்கும் அந்தத் தரத்துக்குரிய பதக்கம் உண்டு. 2021இல் இந்திய ராணுவத்தின் 5ஆம் கூர்க்கா ரைபிள்ஸின் 4ஆம் பட்டாலியன் குழு தங்கம் வென்றது.

★ ஹைப்போதெர்மியா தாக்கியவருக்கு அது தெரியாது. முதலில் பாதிக்கப்படுவது அதை உணர வேண்டிய மூளைதான். பேச்சு குழறும், கால் இடறும், விரல் பொத்தானைத் தேடும், காரணமில்லாமல் எரிந்துவிழுவார். கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். இந்த நான்கில் எதைக் கண்டாலும் அவர் சொல்வதை நம்பாமல் நிறுத்தி, உலர்ந்த உடை மாற்றி, இனிப்பு கொடுத்து, ஒதுங்கவைப்பது பக்கத்தில் நடப்பவரின் வேலை.

★ ஆகவே, மலைக்குப் போகும்முன் சாமான் பட்டியலைச் சரிபார்க்கும்போதே உங்கள் இணை யார் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பாருங்கள், பேச்சுக் கொடுங்கள், விரலை அசைக்கச் சொல்லுங்கள். அவரும் உங்களுக்கு அதையே செய்யட்டும். இருவரில் யார் கேட்டாலும் பயணத்தை நிறுத்தித் திரும்பிவிடுவது என்று கிளம்பும்முன்பே பேசி வையுங்கள். குளிர் ஏறிய பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.